துண்டு போட்டு வைத்த இடம்

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் வழக்கம் இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். உன் மகள் பாப்பாவின் காது ஆபரேஷனுக்கு "வேண்டாம்" என்று நீ போனில் அனுப்பிய அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு நீ எனக்கு எதுவும் அனுப்பவில்லை. நானும் பெரம்பலூர் பஸ் ஏறவில்லை. வருகிற வியாழக்கிழமை திருச்சி ஆஸ்பத்திரியில் அவளுக்குப் படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல எனக்குக் கை வராது. போனில் சொல்ல உனக்குக் காது வராது. எழுதினாலோ நீ இரண்டாவது பத்தியில் களைத்துப்போய் நிறுத்திவிடுவாய். அது உன் குற்றமில்லை. ஏன் அப்படி ஆனது என்பதும் இந்தக் கடிதத்தில் வரும். ஆகவே இதை உன் மனைவி சுகன்யா படித்து, உனக்குக் கையால் சொல்லட்டும். அவளுக்கும் காது கேட்காது. ஆனால் அவளுக்கு முன் பிறந்த அண்ணனுக்கும் கேட்காது என்பதால், அவள் அம்மா கைமொழியைக் கற்றுக்கொண்டு காத்திருந்தார். தொட்டிலில் கிடக்கும்போதே அவளுக்குப் பேச்சு கிடைத்துவிட்டது. அதனால் அவள் தமிழும் நன்றாகப் படிக்கிறாள். வாழ்நாள் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து புத்தகம் கொடுத்த ஒருத்தி தன் மகனோடு பேச மருமகளின் தயவைக் கேட்கிறாள் என்றால் நம் ஊரில் நம்ப மாட்டார்கள். நம் ஊரில் மாமியார்களின் புகார் வேறு மாதிரி இருக்கும்.

நீ பிறந்தபோது நாம் ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய வீட்டில் இருந்தோம். உன் அப்பா சுரங்கத்தில் வெடி வைக்கிற ஆள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முதலில் சங்கு ஊதும். ஊர் முழுக்கக் கேட்கிற சங்கு. மேய்கிற ஆடுகூட அதைக் கேட்டு விலகும். கொஞ்ச நேரம் கழித்து வெடி. தரை ஒரு தடவை தூக்கிப் போடும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், சுவரிலிருந்து வெள்ளைத் தூள் உதிரும். பாயில் கிடக்கிற நீ துள்ளி விழுந்து அழுவாய். உன் அப்பாவுக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. "என் வெடிய கேட்டுட்டான் பாருடி. பயலுக்குப் பாம்புச் செவி" என்பார். கூப்பிட்டால் நீ திரும்புவதில்லை என்று நான் சொன்னபோது, "அவன் திரும்பணும்னா நீ வெடி மாதிரி கூப்புடு" என்றார். உடையார்பாளையத்திலிருந்து உன் பெரிய அத்தை வந்தபோது, அவருக்குக் காட்டுவதற்காகவே உன்னை நடுவில் உட்கார வைத்து எல்லோரும் சுற்றி நின்றோம். சங்கு ஊதியது. நீ ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தாய். வெடித்தது. துள்ளினாய். அத்தை கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும். எங்க மாமனாரு அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு. அப்பறம் சாவுற வரைக்கும் மூடல" என்றார்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைத் தினமும் மத்தியானம் நேரில் பார்த்து, பார்த்தது என்னவென்று தெரியாமல் கைதட்டிய குடும்பம் நம்முடையது. சங்குக்கு நீ தலை தூக்கியதே இல்லை. வெடிக்குத் துள்ளியது உன் காது இல்லை, உன் முதுகு. பாயில் படுத்திருக்கிறவனுக்குத் தரை ஆடினால் தெரியாதா? ஒரு ஐப்பசியில் மழை கொட்டி, குழியில் தண்ணீர் நின்று வெடி வைப்பதை நிறுத்தினார்கள். சங்கை மட்டும் ஆள் மாறுகிற நேரத்துக்காக ஊதிக்கொண்டிருந்தார்கள். அன்று நான் அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தேன். சங்கு ஊதியது. நீ கிண்ணத்தைக் கவிழ்த்தாய். வெடி வரவில்லை. நீ துள்ளவில்லை. நான் உன் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பிறகு கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். நீ அவர்கள் நிழல் தரையில் விழுந்ததைப் பார்த்துத்தான் திரும்பினாய்.

அதுவரை நாங்கள் உன் நாக்கைத்தான் கவனித்துக்கொண்டிருந்தோம். பேச்சு வராத பிள்ளைக்கு வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவ வேண்டும் என்பதால் தடவினோம். நீ முகத்தைச் சுளித்ததை முன்னேற்றம் என்றார்கள். நாக்கு வேலைக்கு ஆகவில்லை என்று தெரிந்ததும் காதுக்கு வந்தோம். சிறுவாச்சூர் அம்மனுக்குத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். காது டாக்டர் அரியலூருக்குப் புதன்கிழமைதான் வருவார். வாரத்தின் மற்ற நாட்களில் உனக்குப் பேச்சு வர வழியில்லாமல் இருந்தது. டாக்டர் உன் சட்டைப் பையில் ஒரு பெட்டியைச் செருகி, ஒயரைக் காதில் மாட்டினார். இப்போது பாப்பாவுக்குச் செய்யச் சொல்கிற ஆபரேஷன் அன்றைக்கு நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது. அதற்காக நான் யாரையும் நோகவில்லை. ஆனால் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒன்று சொன்னார். "கையால சைகை காட்டாதீங்கம்மா. கை ருசி கண்டுட்டா வாய் சோம்பேறி ஆயிடும்." நான் படித்தவள், அதனால் சொன்னதைச் சொன்னபடி செய்தேன். தினமும் சாயங்காலம் உன்னை எதிரில் உட்கார வைத்து, உன் இரண்டு மணிக்கட்டையும் என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதட்டைப் பார் என்பேன். நீ கையை உருவப் பார்ப்பாய். நான் விடமாட்டேன். படிக்காத பெண்ணாக இருந்திருந்தால் ஒரு நாள் அலுத்துப்போய் விட்டிருப்பேன்.

பிறகு உன்னை வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே ஆசிரியர்கள் வகுப்பில் உதட்டைப் பார்க்கச் சொன்னார்கள். விளையாட்டுத் திடலில் மற்றப் பையன்கள் உனக்குக் கைமொழியைக் கொடுத்துவிட்டார்கள். முதல் லீவுக்கு நீ வந்தபோது உன் கைகள் நிற்கவே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரும்வரை ஏதோ ஒரு பெரிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாய். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் நீ நின்று, என் முகத்தைப் பார்த்து, கையைக் கீழே இறக்கினாய். நமக்குள் இருந்த பேச்செல்லாம் சாப்பிடு, வா, பஸ், காசு, காய்ச்சல், பத்திரம். அன்றைக்கும் அவ்வளவுதான், இன்றைக்கும் அவ்வளவுதான். என் நூலகத்தில் அகராதி மட்டும் ஒரு தட்டு முழுக்க இருந்தது.

நீ வளர்ந்தாய், பெரம்பலூர் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்யக் கற்றுக்கொண்டாய், காது கேளாதோர் கூட்டத்தில் சுகன்யாவைப் பார்த்துப் பிடித்து நீயே முடிவு செய்தாய். எனக்கு எல்லாம் நடந்த பிறகு தெரிந்தது. பிறந்த பெண்ணுக்கு யாழினி என்று வைத்தீர்கள். யாழ் என்றால் வாத்தியம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பெயர் வைக்கிற விழாவுக்கு அடித்த பத்திரிகையில் அந்த எழுத்து எத்தனை அழகாக வளைகிறது என்று நீ விரலால் வரைந்து காட்டினாய். நான் பேசாமல் இருந்தேன். நான் செய்த நல்ல காரியங்கள் எல்லாம் பேசாமல் இருந்தபோது செய்தவை.

பாப்பாவைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையைப் பார்த்த அன்று நாம் எல்லோரும் திருச்சியில் இருந்தோம். உள்ளே என்னையும் உன் அப்பாவையும்தான் முதலில் கூப்பிட்டார்கள், காது கேட்கிறவர்கள் என்று. அதிலும் பாதிதான் உண்மை. வெடி வைத்து வைத்து உன் அப்பாவுக்கும் காது போய்விட்டது, ஒப்புக்கொள்ளத்தான் இல்லை. டாக்டர் சின்னப் பெண். "நீங்க ரெண்டு பேரும் சொந்தத்துல கட்டுனவங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, அத்த மவ. எங்கூர்ல சொந்தத்துக்கு வெளிய பொண்ணு எடுக்கணும்னா பாஸ்போர்ட் கேப்பாங்க" என்றார் உன் அப்பா. டாக்டர் சிரிக்கவில்லை. பாப்பாவுக்கு எந்தச் சத்தமும் உள்ளே போகவில்லை என்றார்.

"காதுங்கறது வாசல்தாம்மா. கேக்கறது மூளை. பொறந்த குழந்தையோட மூளையில சத்தத்துக்குன்னு ஒரு எடம் காத்துக்கிட்டு இருக்கும். முதல் சில வருஷம்தான் காத்திருக்கும். ஒண்ணும் வரலன்னா அது சும்மா கெடக்காது, கண்ணு அந்த எடத்த எடுத்துக்கும். அதுக்கு முன்னாடி கருவி வெச்சு நேரா நரம்புக்குச் சத்தத்தக் குடுத்துட்டா மூளை கத்துக்கும்."

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நீ பார்த்திருக்கிறாய். துண்டுக்காரர் வரும்வரை கொஞ்ச நேரம் மற்றவர்கள் மரியாதை காட்டுவார்கள். வண்டி நகர்ந்த பிறகும் வரவில்லை என்றால் நிற்கிறவர் துண்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. இடத்தைக் காலியாக ஓட்டிக்கொண்டு போகிற பஸ் உலகத்தில் இல்லை. நான் டாக்டரிடம் கேட்டேன்.

"எம் மவனுக்கு இப்ப அந்தக் கருவிய வெக்க முடியாதுங்களா?"

"வெக்கலாம். சத்தம் தெரியும். ஆனா அது பேச்சா பிரிஞ்சு வர்றது ரொம்பக் கஷ்டம்மா. பொறந்ததுலேருந்து கேக்கலீல்ல, அந்த எடம் வேற வேலைக்குப் போயிடுச்சு."

"அந்த எடத்துல இப்ப என்ன இருக்கும்?"

"கண்ணுதான் இருக்கும். அவரு நல்லா கவனிப்பாரே, பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். கூட்டமாக நிற்கிற படத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்று நீ கண்டுபிடித்து, அவர்களைத் தனித்தனிப் பக்கத்தில் ஒட்டுவாய். பெண்ணின் அம்மா அழுத படத்தை எடுத்து வைத்துவிட்டு, அழுவதற்கு முந்தின படத்தைப் போடுவாய். ரஞ்சன்குடியிலிருந்தெல்லாம் உன்னைத் தேடி வருகிறார்கள். என் குரலுக்காகப் போட்டிருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஊர்க் கல்யாணக்காரர்களின் முகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். கையால் பேசினால் வாய் சோம்பேறியாகுமா என்று. "யாருங்க சொன்னது?" என்றார் டாக்டர். "சில எடத்துல இன்னும் சொல்றாங்கதான். ஆனா மூளைக்கு மொழி வேணும்மா. அது காது வழியா வருதா கண்ணு வழியா வருதான்னு அது பாக்காது. ஒண்ணுமே குடுக்காம விடுறதுதான் கெடுதல்." உன் அப்பா, "என்ன சொல்றாங்க?" என்று சத்தமாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த சாயங்காலங்களில் நான் உனக்குக் கொடுத்தது அதுதான், ஒன்றுமில்லை. இந்த ஆபரேஷன் உனக்குக் கிடைக்காமல் போனது அந்தக் காலத்தின் பிழை. கைமொழி கிடைக்காமல் போனதற்கு உன் முன்னால் உட்கார்ந்திருந்த நான்தான் காரணம்.

வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது நீ சுகன்யாவிடம் ஏதோ சொன்னாய். நடுவில் என்னைப் பார்த்து, ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாய். அதை நீ செய்து நான் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் இரு" என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். நீ தண்ணீர் பிடிக்கப் போனபோது சுகன்யாவின் போனை வாங்கி, அது என்ன என்று எழுதிக் கேட்டேன். அவள் அடித்து அடித்து அழித்தாள். கடைசியில், "அத்தை, அது நீங்க" என்று எழுதினாள். "எல்லாருக்கும் ஒரு கைப்பேர் இருக்கும். ஸ்கூல்ல சேந்தப்ப உங்க அம்மா எப்படின்னு கேட்டாங்களாம். அப்ப சின்னப் பையன். அதைக் காட்டினாராம். அப்படியே நின்னுடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க." என் மூக்குத்தி கொஞ்சம் பெரியதுதான் தம்பி. அதைக் காட்டியிருக்கலாம். ஆனால் நீ எப்போதும் பார்த்ததைத்தான் சொல்கிறவன்.

அன்றைக்கே உன் வீட்டுக்கு வந்து ஆபரேஷன் பேச்சை எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன். உன் அப்பா கூடத்தில் நின்று, "அரசாங்கம் சும்மா செய்யுது, இவனுக்கு என்னவாம்?" என்று, யாருக்குக் கேட்காதோ அவனிடமே சத்தம் போட்டார். நீ போனில் எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "பாப்பா காது வந்து உன்னிடம் நிறைய பேச்சு. என்னிடம் உன் மாதிரி கொஞ்சம் பேச்சு." நூலகர் புத்தி, நான் முதலில் உன் வேற்றுமை உருபுகளை மனத்துக்குள் திருத்தினேன். திருத்தி முடித்த பிறகுதான் நீ சொன்னது எனக்குள் போனது. உன் மகள் நாளைக்கு உன்னிடம் சாப்பிடு, வா, பஸ், காசு என்று மட்டும் பேசுவாள் என்கிறாய். நான் உன்னிடம் பேசுவதைப் போல. நான் பதில் எழுதாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்றுவரை அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

பதில் இல்லாமலே கேட்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போ.

அவளிடம் குறை இருக்கிறது என்பதால் இல்லை. போன மாதம் அவள் என் மடியில் படுத்துக்கொண்டு மேலே பார்த்து ஒரு விரலைச் சுற்றினாள். நான் பிஸ்கட் கொடுத்தேன். மறுபடி சுற்றினாள். தண்ணீர் கொடுத்தேன். சுகன்யா சிரித்துக்கொண்டே வந்து ஃபேனைப் போட்டாள். அந்தக் குழந்தைக்குப் பேச்சு வந்துவிட்டது, நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். நான் கேட்பது அதற்கு மேல் ஒன்று. அவள் வாழப்போகிற ஊர் ஹாரன் அடிக்கிற ஊர், கை பேசுகிற ஊர் இல்லை. அவள் பெரியவளாகித் தானே யோசித்து முடிவு செய்யும்வரை அந்த இடம் காத்திருக்கும் என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன். கருவி வேண்டாம் என்று அவளுக்கு என்றாவது தோன்றினால் வெளியே மாட்டுகிற பாகத்தைக் கழற்றி மேசை மேல் வைத்துவிடலாம். ஆனால் வைக்காமல் விட்ட இடத்தைப் பிறகு கேட்டு வாங்க முடியாது. உன்னை வைத்துத்தான் எனக்கு அது தெரிந்தது. அதற்காக நீ என்னைக் கோபித்துக்கொள்ளலாம்.

கருவி வைத்த பிறகு நாள் முழுக்க அவளோடு பேச ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆள் நானாக இருப்பேன் என்று மனத்துக்குள் துணிமணிகூட எடுத்து வைத்திருந்தேன். வேண்டாம். சுகன்யாவின் அம்மாவை வரச் சொல். அவர் வாயைத் திறந்தால் கையும் கூடவே எழும். என்னிடமிருந்து வாய் மட்டும்தான் வரும். அங்கே யாராவது பாப்பாவின் கையைக் கீழே இறக்கச் சொன்னால் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு வந்துவிடு. நான் கைமொழி கற்றுக்கொள்ளப் போகிறேன். இந்த வயதில் என் மூளையில் இடம் இருக்குமா என்று பஸ் கதையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன். "கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க, பாப்போம்" என்றார். ஓரளவு தேறிய பிறகு வருகிறேன். வியாழக்கிழமை நான் வரமாட்டேன்.

ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை ஓட வைப்பார்களாம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வீட்டு ஆள் ஒருவர் அவளைக் கூப்பிட வேண்டும். அவள் மூளைக்குள் போகிற முதல் குரல் அதுதான். அது என் குரலாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. உன்னிடம் போக முடியாத குரல் அவளிடமாவது போகட்டும் என்று. அந்த ஆசையையும் இந்தக் கடிதத்தோடு உன்னிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீ கூப்பிடு. உனக்குக் குரல் இருக்கிறது. பத்தாம் வகுப்பு லீவில் பெரம்பலூர் டீக்கடையில் நீ டீ கேட்டபோது பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் உன் தொடையைத் தட்டி, வாயில் விரல் வைத்தேன். அன்றோடு மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் ஒரு தடவைதான் கேட்டேன். பாப்பா கட்டில் ஓரத்துக்குப் புரண்டபோது நீ அறைக்குள்ளிருந்து போட்ட சத்தம். நான் அடுப்பங்கரையில் இருந்தேன். யாரோ என்று நினைத்தேன். பெயர் பாதிதான் இருந்தது, மூக்கிலும் தொண்டையிலும் உடைந்து வந்தது. நீ ஓடிப்போய் அவளைப் பிடித்துவிட்டாய். அப்படி ஒரு சத்தம் போட்டது உனக்கே தெரியாது.

அதே குரலில் கூப்பிடு. முகத்துக்குக் கிட்டே போய், கையாலும் அவள் பெயரைக் காட்டிக்கொண்டு, வராந்தாவில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை என்று கூப்பிடு. அவள் அதுவரை வேறு எந்தக் குரலையும் கேட்டிருக்க மாட்டாள். மனிதக் குரல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வாள். அது சரியில்லை என்று சொல்லிக்கொடுக்க நான் அங்கே இருக்கமாட்டேன்.